சொரியாசிஸ் மருந்தும் ரத்தக் குழாயும்: இரண்டு ஃபைலை ஒன்றாக்குவதற்கு ஒரு முழு வழிகாட்டி

பத்து வருஷமாக என் பீரோவில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. பச்சை ஃபைல் தோல் டாக்டருக்கு, நீல ஃபைல் பி.பி. டாக்டருக்கு. ஒன்றை எடுத்துக்கொண்டு போகும் நாளில் மற்றதைத் தொடவே மாட்டேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை ஒரு மாத்திரை மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ரத்த அழுத்தத்துக்காக ஒரு கிளினிக்கில் மெட்டோப்ரோலால் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு சொரியாசிஸ் (தோலில் செதில் செதிலாகப் படை வரும் நோய்) இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழங்கையோடும் முழங்காலோடும் நின்றிருந்த படை இரண்டே மாதத்தில் முதுகு முழுக்கப் பரவிவிட்டது. தில்லிக் குளிர்தான் காரணம் என்று நினைத்து, தேங்காயெண்ணெயை உருக்கி உருக்கித் தடவிக்கொண்டிருந்தேன். (இங்கே ஜனவரியில் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது.) மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் மாதிரியான பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சிலருக்குப் படையைக் கிளப்பிவிடும் என்பது தோல் மருத்துவத்தில் பழைய சங்கதி. நீல ஃபைல் ஒரு நாள் தற்செயலாகப் பச்சை ஃபைலோடு சேர்ந்து போனபோதுதான் எனக்கு அது தெரிய வந்தது.

நான் டாக்டர் இல்லை. ஆர்.கே. புரத்தில் குடியிருக்கும் ஒரு நோயாளி, அவ்வளவுதான். இதில் இருப்பதை வைத்துக்கொண்டு நீங்களாக எந்த மருந்தையும் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

தோலுக்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன உறவு

சாதாரணமாக ஒரு தோல் செல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். சொரியாசிஸில் அதே வேலை மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அந்த வெள்ளிச் செதில்கள். இந்த அவசரத்துக்குக் காரணம் தோல் அல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தி. டி.என்.எஃப்., இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 என்று சில சமிக்ஞைப் புரதங்கள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அவை முழங்கையிலேயே தங்கிவிடுவதில்லை, ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகின்றன.

ரத்தக் குழாய் அடைப்பைப் பற்றிப் பேசும்போது தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதை உதாரணம் சொல்வார்கள். அது பொருந்தாது. மழைக்குப் பிறகு சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உப்பிக்கொண்டு வருமே, அதுதான் பொருத்தம். குழாயின் உள்பூச்சு அழற்சியால் கெட்டுப்போனால், எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு சுவருக்குள்ளேயே புகுந்து உப்புகிறது. அந்த உப்பல் என்றாவது உடைந்தால் அங்கே ரத்தம் உறையும். இதயத்துக்குப் போகும் குழாயில் அது நடந்தால் மாரடைப்பு. உப்பலில் சுண்ணாம்பு ஏறி இறுகியவை உண்டு, மெத்தென்று இருப்பவையும் உண்டு. சொரியாசிஸ் ஆராய்ச்சிக்காரர்கள் அதிகம் கவனிப்பது இந்த மெத்தென்ற வகையைத்தான்.

2006இல் பிரிட்டன் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்து வந்த ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. கடுமையான சொரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு அபாயம், அது இல்லாத அதே வயதுக்காரரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது அது. 60 வயதில் அந்த வித்தியாசம் 1.36 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. மூன்று மடங்கு என்றதும் பதற வேண்டாம். 30 வயதில் மாரடைப்பே அபூர்வம், அபூர்வத்தின் மூன்று மடங்கும் சிறிய எண்தான். ஆனாலும் முப்பதுகளிலேயே அளந்து பார்க்கத் தொடங்குவதற்கு இந்தக் காரணம் போதும்.

முதல் படி: எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, பிராண்ட் பெயரை விட்டுவிட்டு அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். சி.ஜி.ஹெச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) டிஸ்பென்சரியில் வாங்குபவர்களுக்கு மாதத்துக்கு மாதம் பிராண்ட் மாறும், உள்ளே இருப்பது ஒன்றுதான்.

தாளில் பீட்டா பிளாக்கர், மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம், மலேரியாவுக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கும் குளோரோகுயின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகியவற்றில் எதாவது இருந்தால் வட்டம் போட்டுத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். காட்டத்தான் சொல்கிறேன், நிறுத்தச் சொல்லவில்லை. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியே வரலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கோ இதயம் பலவீனமானவர்களுக்கோ அது உயிர் காக்கும் மருந்து. அவர்களுக்குப் படை கொஞ்சம் கூடினாலும் அதைத் தொடரும்படிதான் டாக்டர் சொல்லக்கூடும். எனக்கு வெறும் பி.பி. மட்டும் என்பதால் படிப்படியாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள்.

ஊரிலிருந்து வருவதையும் எழுதுங்கள். வெட்பாலைத் தைலம் இல்லாத தமிழ் சொரியாசிஸ் வீடு தில்லியில் உண்டா என்ன? மேலே தடவும் எண்ணெயைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை, செதில் இளகுகிறது. என் கவலை, லேபிள் இல்லாமல் பொட்டலமாக வரும் பொடிகளும் களிம்புகளும்தான். பத்தே நாளில் தோல் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். வாயால் போகும் ஸ்டீராய்டு பி.பி.யையும் சர்க்கரையையும் எடையையும் ஏற்றும். நிறுத்தியதும் படை முன்பைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளமாகவே வெடிக்கும். சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரையைப் பொதுவாக டாக்டர்கள் தவிர்ப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள்

படையின் பரப்பில் தொடங்குங்கள். விரல்களோடு சேர்த்து உங்கள் கையின் உள்பக்கம் ஏறக்குறைய உடல் பரப்பில் 1 சதவீதம். பத்துக் கை அளவுக்கு மேல் படை இருந்தாலோ, மாத்திரை, ஊசி, ஒளி சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருந்தாலோ, வயது, பி.பி., கொழுப்பு எல்லாம் வைத்து டாக்டர்கள் போடும் வழக்கமான கணக்கீட்டில் வரும் இதய அபாய எண்ணை 1.5ஆல் பெருக்கிப் பார்க்கலாம் என்று 2019இல் அமெரிக்கத் தோல் மருத்துவ அமைப்புகள் வழிகாட்டின. அதற்கு முந்தைய வருஷம் வந்த அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலிலும் சொரியாசிஸ், அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக இடம்பெற்றது. உங்கள் இதய டாக்டர் தோலைப் பார்க்க மாட்டார், சட்டைக்குள் இருப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் கூச்சத்தில் முழுக்கைச் சட்டையோடே போய்க்கொண்டிருந்தவன்.

பி.பி.யை வீட்டிலேயே பாருங்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரம் முன்னால் வரை காபி, சிகரெட் கூடாது. வீட்டில் எடுக்கும்போது 135/85க்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் போங்கள். குளிர்காலத்தில் பி.பி. கொஞ்சம் ஏறும், எனவே மே மாதத்து எண்ணை வைத்து டிசம்பரில் நிம்மதியாக இருக்க வேண்டாம். இடுப்புச் சுற்றளவு நம் நாட்டவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

ரத்தப் பரிசோதனையில் லிப்பிட் ப்ரொஃபைல் (கொழுப்பு அளவுகள்), ஹெச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சர்க்கரையின் சராசரி), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்கள் எண்ணிக்கை ஆகிய இவை போதும். வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவைப் பார்ப்பது நல்லது. அது பரம்பரையாக வருவது, பெரும்பாலும் மாறாது. சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவு உங்களுக்கு ஏற்கெனவே அதிகமாக இருக்கலாம், காரணம் தோலாகவோ மூட்டாகவோ இருக்கும். அந்த ஒரு எண்ணை வைத்து இதயத்தைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம். ஃபுல் பாடி பேக்கேஜ் என்று செல்போனுக்கு நாளுக்கு நான்கு மெசேஜ் வருகிறதே, அதெல்லாம் தேவையில்லை. சி.டி. ஆஞ்சியோகிராம் (இதயக் குழாய் ஸ்கேன்) எல்லோருக்குமானதும் அல்ல.

மூட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியவில்லை, ஒரு விரல் முழுக்க வீங்கிக் கிடக்கிறது, குதிகால் வலிக்கிறது என்றால் அது சொரியாசிஸ் மூட்டுவாதமாக இருக்கலாம். பலர் டைக்ளோஃபெனக், எடோரிகாக்ஸிப் என்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இந்த வலி மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும், இதய ஆபத்தையும் கூட்டும்.

மூன்றாம் படி: உங்கள் சிகிச்சை ரத்தக் குழாய்க்கு என்ன செய்கிறது

இங்கே நிதானமாகப் படியுங்கள். ஒரே நோய்க்கான மருந்துகள்தான் என்றாலும் ரத்தக் குழாயிடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கின்றன.

பூச்சு மருந்துகளை, அதாவது ஸ்டீராய்டு களிம்பு, கால்சிபோட்ரியால் போன்றவற்றை, சிறு பரப்பில் டாக்டர் சொன்ன காலத்துக்குப் பூசினால் ரத்தக் குழாய் பற்றிய கவலை கிடையாது. குளோபெட்டசால் போன்ற வலுவான களிம்பை உடம்பெல்லாம் மாதக்கணக்கில் அப்பிக்கொண்டால் அது ரத்தத்திலும் சேரும்.

ஒளி சிகிச்சை, 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பெட்டி. வாரம் இரண்டு மூன்று முறை, பல வாரங்கள். பி.பி., கொழுப்பு எதையும் கெடுப்பதில்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கு அலைச்சல்தான் கஷ்டம். குளிர்காலத்தில் மொட்டை மாடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு வெயில் காய்வதை இதற்கு ஈடாக நினைக்காதீர்கள். டிசம்பர் மாதத்துச் சாய்ந்த வெயிலிலும் புகைமூட்டத்திலும் அந்தக் கதிர் மிகக் குறைவு.

மெத்தோட்ரெக்ஸேட் மலிவானது, பழையது, நம் நாட்டில் அதிகம் எழுதப்படுவது. வாரத்துக்கு ஒரே நாள்! தினமும் போட்டுக்கொண்டு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. காலண்டரில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கூடவே வரும், அதை விட்டுவிடாதீர்கள். குடிப்பழக்கமும் கொழுப்புக் கல்லீரலும் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்ஸசோல் இதோடு சேரக் கூடாது. கர்ப்பத்தில் கூடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் ஆணோ பெண்ணோ எத்தனை மாதம் முன்னால் நிறுத்துவது என்று கேளுங்கள். இதயத்துக்கு? முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் இன்னொரு அழற்சி நோய்), சொரியாசிஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்த பதிவேடுகளில், இதை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாகத் தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே இதயநோய் உள்ள பல ஆயிரம் பேருக்குக் குலுக்கல் முறையில் (யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத மாத்திரை என்று சீட்டுப் போட்ட மாதிரி பிரித்து) குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2019இல் வெளியானபோது, மாரடைப்பு குறையவில்லை. அவர்கள் சொரியாசிஸ்காரர்கள் அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரத்தக் குழாய்க்குக் கெடுதல் இல்லை, ஆனால் தனி நன்மை உண்டு என்று சத்தியம் செய்ய முடியாது என்பதுதான் என் புரிதல்.

சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும், படை பற்றி எரியும்போது கை கொடுக்கும். ஆனால் பி.பி.யை ஏற்றுவதிலும் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்துவதிலும் கொழுப்பைக் கூட்டுவதிலும் இதற்குத்தான் முதலிடம். ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பி.பி.யும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் நீட்டிக்கொண்டே போகிற மருந்து இல்லை. கொலஸ்ட்ராலுக்குப் போடும் ஸ்டேட்டினோடு இது மோதும். சில ஸ்டேட்டின்கள் அறவே கூடாது, சிலவற்றைக் குறைந்த அளவில்தான் தர முடியும். பி.பி.க்கான டில்டியாஸெம், வெராபமில் இரண்டும் இதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கிரேப்ஃப்ரூட் பழமும் அப்படியே. அது திராட்சை இல்லை, சாத்துக்குடியின் பெரியண்ணன். ஒரு மாமி பயந்துபோய் ஆறு மாதம் திராட்சையே வாங்கவில்லை.

அசிட்ரெடின், வைட்டமின் ஏ குடும்பம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை எகிற வைக்கும், எனவே கொழுப்புப் பரிசோதனை அடிக்கடி வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் கூடாது, நிறுத்திய பிறகும் மூன்று வருஷம் கருத்தரிக்கக் கூடாது. அந்த மூன்று வருஷமும் ஆண்கள்கூட ரத்த தானம் செய்யக் கூடாது.

அப்ரெமிலாஸ்ட் மாத்திரை: பி.பி.யைத் தொடாது, சிலருக்கு எடை கொஞ்சம் குறையும், முதல் வாரங்களில் வயிற்றுப்போக்கு.

இனி உயிரியல் ஊசிகள். டி.என்.எஃப்., இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 என்று மேலே சொன்ன புரதங்களைக் குறிவைத்துத் தடுப்பவை. அடாலிமுமாப் ஊசியின் முதல் நகல் வடிவம் 2014இல் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது, அதன் பிறகு விலை இறங்கியது. நம் ஊரில் காசநோய் அதிகம், அதனால் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, மான்டு (தோலில் ஊசி போட்டுப் பார்ப்பது) அல்லது இக்ரா (ரத்தத்தில் பார்ப்பது) என்ற காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். இதயம் பலவீனமாகி மூச்சுவாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு டி.என்.எஃப். வகை ஏற்றதல்ல.

இவை ரத்தக் குழாயையும் சரிசெய்யும் என்று பெரிய நம்பிக்கை ஒன்று இருந்தது. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸ்கேன் முடிவில், ஊசி போட்டுக்கொண்டவர்களின் இதயக் குழாயில் மெத்தென்ற வகைப் படிவு ஒரு வருஷத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் யாருக்கு ஊசி என்பது குலுக்கலில் முடிவானதல்ல. குலுக்கல் முறையில் நடந்த சோதனைகளில் அடாலிமுமாபும் சரி, இன்டர்லூகின் 17ஐத் தடுக்கும் செகுகினுமாபும் சரி, பெருந்தமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்) அழற்சியை, ஒப்பிடக் கொடுத்த மருந்தில்லா ஊசியைவிட அதிகமாகக் குறைக்கவில்லை. இன்டர்லூகின் 12, 23 இரண்டையும் தடுக்கும் உஸ்டெகினுமாப் 12 வாரத்தில் குறைத்தது, 52 வாரத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. இதயத்துக்காக என்று சொல்லி யாராவது விலையுயர்ந்த ஊசிக்கு உங்களைத் தள்ளினால் சம்மதிக்காதீர்கள். தோலுக்கோ மூட்டுக்கோ தேவை என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டுவாதத்துக்கு டோஃபாசிட்டினிப் மாத்திரை எழுதினால், 50 வயதைத் தாண்டியவர்களும் புகைப்பவர்களும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். முடக்குவாதக்காரர்களிடம் நடந்த பெரிய ஒப்பீட்டில், டி.என்.எஃப். ஊசியைவிட இதில் மாரடைப்பும் புற்றுநோயும் கூடுதலாகத் தெரிந்தன. எனவே வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான்காம் படி: ரத்தக் குழாயை நேரடியாகக் காப்பது

தோல் மருந்து எதுவாக இருந்தாலும் மாரடைப்பைக் குறைக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவை பி.பி., எல்.டி.எல்., சர்க்கரை, சிகரெட் இவற்றைக் கட்டுக்குள் வைப்பதுதான். டாக்டர் ஸ்டேட்டின் வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், படைக்குப் பயந்து அதை மறுக்கக் காரணமில்லை. பி.பி.க்கு அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

சாப்பாட்டில் நம்மவர்கள் கத்திரிக்காயையும் மீனையும் தள்ளிவைத்துவிட்டு அப்பளத்தையும் ஊறுகாயையும் வடகத்தையும் விடாமல் சாப்பிடுகிறோம். ரத்தக் குழாய் பார்வையில் இது தலைகீழ்ப் பத்தியம். மீன் நல்லது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், சாம்பாரிலும் ஊறுகாயிலும் இருப்பதையும் சேர்த்து. எடை அதிகமுள்ளவர்கள் குறைத்தால் படையும் குறைகிறது, மருந்தும் நன்றாகப் பிடிக்கிறது. சிகரெட் படையையும் குழாயையும் ஒருசேரக் கெடுக்கும்.

நடைப்பயிற்சி விஷயத்தில் தில்லிக்குத் தனிக் கணக்கு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை விடிகாலையில் பூங்காவுக்கு ஓடாதீர்கள். காற்றில் உள்ள நுண்துகளும் ரத்தக் குழாயைத்தான் தாக்குகிறது. காற்றுத் தர எண் மோசமான நாளில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். மற்ற நாட்களில் வெயில் ஏறிய பிறகு, ஸ்வெட்டருக்குள் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். கம்பளி நேராக உரசினால் உரசிய இடத்திலேயே புதுப்படை கிளம்பும்.

ஐந்தாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா மூன்றிலும் தோல் பிரிவு உண்டு. முதல் நாளே அந்த ஒற்றைத் தாளைக் காட்டி, "என் இதய அபாயத்தையும் கணக்குப் போடணும், மெடிசின் ஓ.பி.டி.க்கு எழுதிக் கொடுங்க" என்று கேட்டால் பர்ச்சியில் (ஓ.பி. சீட்டில்) எழுதிக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் நடக்காது, அந்தக் கூட்டத்தில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவுக்கு ஹிந்தி வராது என்றால் மருந்துத் தாளோடு, "எத்தனை வருஷமாகப் படை, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு" என்பதையும் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மாதாந்திர மாத்திரைகளுக்கு ஜன் ஔஷதி என்ற அரசுத் திட்ட மருந்துக் கடையில் விலை கணிசமாகக் குறைவு.

ஆறாம் படி: வருஷம் முழுக்க

தோல் சுத்தமானதும் நீல ஃபைலை மறந்துவிடுவது எல்லோரும் செய்வது, நானும் செய்தேன். பி.பி. மாதம் ஒருமுறை, கொழுப்பும் சர்க்கரையும் வருஷம் ஒருமுறை, மருந்து மாறினால் அதற்கு முன்னும் பின்னும் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அடியில் என் மருந்துப் பட்டியல், அதற்கும் அடியில் அவசர உதவி எண் 112.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மாடிப்படியில் புதிதாக மூச்சுவாங்கல், முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் வாயுத்தொல்லை என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டு உட்காராமல் 112ஐ அழையுங்கள். போகும்போது அந்தத் தாளைப் பிய்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முக்கியமாக சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களின் வீட்டார் அதை அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்ல வேண்டும். மாரடைப்புக்கு அங்கே வழக்கமாகக் கொடுக்கும் பெரிய அளவு ஸ்டேட்டினை அவர்களுக்கு அப்படியே கொடுக்க முடியாது.